விசில் அங்கிள்

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது, மேடம். ஆறு மணி என்பார்கள், ஒன்பதுக்கு வரும். அந்த மூன்று மணி நேரமும் கேட்டருகே நின்று ஆறு வீட்டுக்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் அசோசியேஷன் செக்ரட்டரி. எங்கள் அபார்ட்மெண்ட்டில் ஐந்து வருடமாக அது நான்தான். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. எனக்கும் அதை விட மனசில்லை. தண்ணீரிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் ஒழுங்காக வரும், அதனால் சொல்கிறேன். உங்கள் ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

பெயர் பூவராகன். வயது ஐம்பத்தேழு. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் டெஸ்டிங்கில் இருந்தேன். ஒரு வால்வைக் கையில் வாங்கித் திருகிப் பார்த்தாலே அது ஒழுகுமா, நிற்குமா என்று சொல்லிவிடுவேன். கம்பெனியை மூடினார்கள், வந்துவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு முதலில் முடியட்டும் என்றிருந்தார்கள். அவளுக்கு முடிந்தபோது எனக்கு நாற்பத்தொன்று. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானாக எடுக்கக் கூச்சமாக இருந்தது. தனியாக இருப்பது போகப் போகப் பழகிவிடும் என்று சொல்வார்கள். எனக்குப் பழகவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குக் காப்பி போட்டுக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேனென்றால், மறுநாள் காலை மோட்டார் போடும்வரை என்னைத் தேடி ஒரு ஆள் வராது. சில நாள் அழுகை வந்துவிடும்.

போன வருடம் பொங்கல் சமயத்தில் பேப்பரின் ஞாயிறு இணைப்பில் வலைப்பூ பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தான். அன்றாடம் நடப்பதை எழுதினால் போதுமாம், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்து படிப்பார்களாம், கீழே பின்னூட்டம் போடுவார்களாம், சிநேகிதமாகிவிடுவார்களாம். நான் உடனே கம்ப்யூட்டர் வாங்கினேன். இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் தமிழ் விழுகிற வித்தையை ஒரு மாதம் உட்கார்ந்து பழகினேன். ‘பூவராகனின் இன்று’ என்று பெயர் வைத்தேன். இன்று எலுமிச்சை சாதம் செய்தேன், கொஞ்சம் உப்பு தூக்கல். இன்று தாம்பரம் போய்க் கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்றினேன். இன்று மழை வருவதுபோல இருந்தது, வரவில்லை. இப்படி அறுபத்திரண்டு பதிவு எழுதினேன், மேடம்.

பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற ஒரு எண் உண்டு. அது ஏறும். நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் ஒன்று ஏறும். மொத்த அறுபத்திரண்டுக்கும் ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது, ஏதோ மாத்திரை விற்கிறவன் இங்கிலீஷில் போட்டது. அதற்கும் நான், ‘வருகைக்கு நன்றி, அடிக்கடி வரவும்’ என்று பதில் எழுதினேன். நீங்கள் சிரிக்கலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

புதிதாக எழுதப்படுகிற தமிழ் வலைப்பூக்களை வரிசையாகக் காட்டுகிற ஒரு தளம் உண்டு. என் பெயர் அதில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பார்ப்பதற்காகத் திறப்பேன். ஒரு நாள் என் பெயருக்குக் கீழேயே ‘மூன்றாம் மாடி’ என்று ஒன்று வந்தது. எழுதுகிறவள் பெயர் மாடிக்காரி. திறந்தால் ஒரு புகைப்படம், அதில் எங்கள் சம்ப்பு, அந்தத் தரையடித் தண்ணீர்த் தொட்டி. அதன் மூடி உடைந்துபோய், நாங்கள் ஒரு பழைய ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்திருப்போம். அந்த ஆட்டுக்கல்லைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். மூன்றாவது மாடி ஷர்மிளாதான் எழுதுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண், குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாள். புருஷன் இளமாறன் கம்பெனி வேலையாக டல்லாஸில் இருந்தான். அவளும் குழந்தையும் மட்டும்தான்.

அந்தப் பதிவில் இரண்டு வரி எனக்கு மனப்பாடம். ‘கீழ்வீட்டு அங்கிள் ஒருத்தர் மோட்டார் போடும்போது விசில் அடிப்பார். என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கவே முடியாது, ஆனா அந்த விசில் கேட்டாதான் பட்டாணிக்குப் பொழுது விடியும்.’ பட்டாணி என்றால் குழந்தை. எழுத்தில் அந்தப் பெயர்தான். வீட்டில் கூப்பிடுவதும் அதேதான்.

நான் விசில் அடிப்பேன் என்பதே எனக்குத் தெரியாது, மேடம். ஐம்பத்தாறு வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. கீழே பன்னிரண்டு பின்னூட்டம். முதல் ஆள் வழக்கம்போல ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று வந்து உட்கார்ந்திருந்தான். ஆறாவது ஆள் சிங்கப்பூரிலிருந்து எழுதியிருந்தான்: ‘விசில் அங்கிளை ரொம்பக் கேட்டதாகச் சொல்லவும்.’ சிங்கப்பூரில் ஒருவன் என்னைக் கேட்டிருக்கிறான். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் படித்தேன்.

அன்றோடு என் வலைப்பூவை நிறுத்திவிட்டேன். அவசியம் இருக்கவில்லை. நான் எழுதி யாரும் வராத இடத்துக்கு, அவள் எழுதினால் நாற்பது பேர் வந்தார்கள், அவர்களுக்கு என்னைப் பிடித்திருந்தது.

அடுத்த மாதம் மூன்றாவது மாடிக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை. முதல் தடவை அது நிஜமாகவே காற்று அடைத்ததுதான், அதில் என் கை இல்லை, இதை ரைட்டர் குறித்துக்கொள்ளட்டும். ஷர்மிளா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

“அங்கிள், எங்களுக்கு மட்டும் தண்ணி வரலை. குழந்தைய குளிப்பாட்டக்கூட இல்ல.”

“காத்து அடைச்சிருக்கும்மா. நீ மேல போ, நான் பாக்கறேன்.”

இரண்டு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிக் கொடுத்தேன். மொட்டைமாடியில் குழாயைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, இறங்கி வந்து அவள் வீட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. என்னையறியாமல் விசிலடித்திருக்கிறேன் போல. குழந்தை கைதட்டியது. அன்று அவள் ஒரு பக்கம் எழுதினாள். இருபத்தொன்பது பின்னூட்டம். ‘எங்க தெருவுக்கும் ஒரு விசில் அங்கிள் பார்சல்’ என்று ஒருத்தி.

அப்புறம் பத்தொன்பது நாள் நான் எதிலும் வரவில்லை. பனீர் பட்டர் மசாலா எழுதினாள், மழை எழுதினாள், அவள் பழைய ஆபீஸ் எழுதினாள். காலையில் சத்தமாக விசிலடித்துப் பார்த்தேன், பாட்டை மாற்றிக்கூடப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. பின்னூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. ஒரு மனிதனைப் பத்தொன்பது நாளில் மறந்துவிடுகிறார்கள், பாருங்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்கு ஒன்றாக ஆறு வால்வு இறங்குகிறது. மாடிக் கதவுச் சாவி என்னிடம். இருபதாம் நாள் காலை அவள் வீட்டு வால்வைத் திருகி மூடினேன். அதில் பெரிய தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் நானே வாளியோடு போய் நிற்கப்போகிறேன், பத்து நிமிடத்தில் திறந்துவிடப்போகிறேன். நியாயமாகப் பார்த்தால் அவளுக்கும் எழுத ஏதாவது வேண்டுமல்லவா. தனியாக இருக்கிற பெண், நாள் முழுக்க ஒரு சின்னக் குழந்தையோடு. அன்று சாயங்காலம் எழுதினாள்: ‘இந்த ஊர்ல எனக்குன்னு ஒருத்தர் இருக்கார்னா அது விசில் அங்கிள்தான்.’ நான்தானே செய்தேன், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

முதலில் வாரம் ஒரு தடவை, பிறகு இரண்டு. ஷர்மிளா பயந்துபோய்ப் பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீர் பிடித்து வைக்க ஆரம்பித்தாள். நான் ஒரு நீல டிரம் வாங்கி, அதைப் பாதியாக அறுத்து, விளிம்பைக் குழந்தையின் கையைக் கிழிக்காதபடி அரம் போட்டுத் தேய்த்து, குளியலறையில் வைத்துக் கொடுத்தேன். முழு டிரம்மாக வைத்திருக்கலாம். ஆனால் குழந்தைக்கு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை, அதனால்தான் அறுத்தேன். அதன் படத்தையும் போட்டாள். ஐம்பத்துமூன்று பின்னூட்டம்.

அது எனக்கும் பட்டாணிக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் மேலே வால்வைத் திறந்துவிட்டு இறங்கி வருவேன். விசிலடிப்பேன். பட்டாணி எங்கே இருந்தாலும் தத்தித் தத்திக் குளியலறைக்கு ஓடி, நீல டப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குழாயைத் திறப்பேன், தண்ணீர் விழும், அது கைதட்டும். விசில் என்றால் தண்ணீர் என்று குழந்தைக்கு ஆகிவிட்டது. அதையும் எழுதினாள்.

லாரி ஓட்டுகிற சிட்டிபாபுவுக்குத்தான் ஒரு சந்தேகம். “இன்னா சார், எல்லா வூட்டுக்கும் தண்ணி ஏறிகினு கீது, அந்தப் பொண்ணு வூட்டுக்கு மட்டும் இன்னா பேஜாரு?” என்று ஒரு நாள் கேட்டான். காற்று அடைக்கிறதப்பா என்றேன். “வாரத்துக்கு ரெண்டு தபாவா சார் அடைக்கும்?” என்றான். லாரிக்காரனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இந்த ஏப்ரலில் அவளுக்கும் குழந்தைக்கும் விசா வேலை ஆரம்பித்தது. மே கடைசியில் டல்லாஸ் போகிறார்கள் என்று எழுதினாள். அறுபது பேர் வாழ்த்தினார்கள். கூட்டத்தில் ஒருவன் கேட்டிருந்தான், ‘அப்போ விசில் அங்கிள்?’ அதற்கு அவள், ‘அவரைப் பத்தித் தனியா ஒரு பதிவு வருது, வெயிட் பண்ணுங்க’ என்று பதில் போட்டாள். நான் காத்திருந்தேன். காலையிலும் மத்தியானத்திலும் திறந்து பார்ப்பேன். என்னைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் பதிவு. அதற்கு முன்னால் எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை, அதை மறைத்துப் பயனில்லை.

மே பதினேழு, சனிக்கிழமை. பத்து நாள்தான் பாக்கி என்று அன்று காலையும் வால்வை மூடியிருந்தேன். பதினொரு மணிக்கு வாளியோடு போனேன்.

“அங்கிள், நல்ல நேரத்துல வந்தீங்க. ஜங்ஷன்ல போட்டோ ஸ்டூடியோ வரைக்கும் போயிட்டு வந்துடறேன். பட்டாணிய அரை மணி நேரம் பாத்துக்கறீங்களா? இந்த வெயில்ல தூக்கிட்டுப் போக முடியல.”

“தாராளமா போயிட்டு வாம்மா.”

அவள் போனாள். குழந்தை ஹாலில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தது. மேஜையில் கம்ப்யூட்டர் திறந்தபடி இருந்தது. வெளியிடாமல் சேமித்து வைத்த பதிவு ஒன்று திரையில். தலைப்பு ‘விசில் அங்கிள்’.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நன்றாக எழுதியிருந்தாள், மேடம். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும் என்று எழுதியிருந்தாள். மாடி ஏறி வந்ததும் மூச்சு வாங்குவதை மறைக்க நான் காலண்டரைப் பார்ப்பதுபோல நிற்பேன் என்று எழுதியிருந்தாள். அதை அவள் கவனித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. எனக்குத் தெரியாமலே விசிலடித்திருக்கிறேன்.

குழந்தை என் நாற்காலியைத் தாண்டி ஓடியது கண்ணில் பட்டது.

அப்போது நான் இருந்த வரி இது: ‘இன்னொன்னும் சொல்லணும். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. லாரிக்கார அண்ணா ஒரு நாள், மாடிக் கதவு பூட்டாம இருந்தப்போ, என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போய் எங்க வீட்டு வால்வைக் காட்டினார்.’

குளியலறையில் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்தேன் என்று அன்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அது சரியில்லை. காலையில் அந்த வால்வை மூடியவனே நான். அந்த வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு வர வழியில்லை என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தச் சத்தம் எதனுடையது என்றும் எனக்குத் தெரிந்தது. எழுந்தேன். பாதி எழுந்திருப்பேன். ஆனால் அந்தப் பதிவில் இன்னும் ஒரு பத்தி பாக்கி இருந்தது. அறுபது பேர் படிக்கப்போகிற இடத்தில் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரியாமல் எப்படிப் போவது. உட்கார்ந்து படித்தேன்.

‘கோபமா வந்துச்சு. போய்க் கேக்கலாம்னுதான் இறங்கினேன். ரெண்டாவது மாடிப் படியிலேயே நின்னுட்டேன். வால்வை மூடலேன்னா அவர் போய் பெல் அடிக்க இந்த ஊர்ல வேற வீடே இல்லை. எனக்கும் பெல் அடிக்க வேற ஆள் இல்லை. அதனால கேக்கவே இல்லை. இப்பவும் அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்னு. போகட்டும். நாங்க போனப்புறம் அவர் யார் வீட்டு வால்வை மூடுவாரோ, அவங்க அவரை உக்கார வெச்சு ஒரு காப்பி குடுக்கணும்.’

அவ்வளவுதான். கெட்டதாக ஒன்றும் எழுதவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தேன். சத்தம் அதற்குள் நின்றிருந்தது.

பிறகு போய்த் தூக்கினேன். எத்தனை நிமிடம் என்று கேட்கிறீர்கள். ஆறு இருக்கும், ஏழுகூட இருக்கலாம். நான் நிதானமாகப் படிக்கிறவன்.

ஆஸ்பத்திரியில் ஷர்மிளா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க என்ன அங்கிள் பண்ணுவீங்க, நான்தானே விட்டுட்டுப் போனேன்” என்று அழுதாள். நானும் அழுதேன். அதை நடிப்பு என்று எழுதிவிட வேண்டாம். இளமாறன் வந்தான். காரியம் முடிந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். விபத்து என்று நீங்களும் ஃபைலை மூடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழந்தையின் பெயர் என்னவா? பட்டாணி என்று சொன்னேனே. நிஜப் பெயர் எனக்குத் தெரியாது, மேடம். ஒரு வருடம் தூக்கியிருக்கிறேன், வாஸ்தவம்தான். அவள் அதை எங்கும் எழுதவில்லை. உங்கள் ஃபைலில் இருக்கிறதா? யாழினியா. நல்ல பெயர்.

யாரும் கேட்காதபோது ஏன் நானாக வந்தேன் என்கிறீர்கள். நேற்று வரைக்கும் தினமும் அந்த வலைப்பூவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவை என்றைக்காவது வெளியிடுவாள் என்று நினைத்தேன். நேற்றுக் காலை திறந்தால், இந்த வலைப்பூ நீக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. ஆட்டுக்கல், நீல டப், சிங்கப்பூர்க்காரன், ஒன்றும் இல்லை. நான் எங்கேயுமே இல்லை. மூன்றாவது மாடியில் பூட்டுத் தொங்குகிறது. மொட்டைமாடிக்குப் போய் அந்த வால்வைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசாட்சி உறுத்தியது. அதனால்தான் வந்தேன், வேறு காரணம் இல்லை.

கையெழுத்துப் போடுகிறேன், எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். அதற்கு முன்னால் ரைட்டரை முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லுங்கள், மேடம். முழுசாகப் படிக்கட்டும். என்னைப் பற்றி ஒருவர் நாலு வரி எழுதி இருபத்துமூன்று நாள் ஆகிறது.